பழனியாயி பந்தை மறிச்ச கதை

சும்மா குதிச்சுக்கிட்டே நிக்காதீங்க தம்பிமாரே. டவுன்ல இருந்து சம்பளத்துக்கு ஆட வந்தவங்க, உங்களுக்கு அவசரந்தான். ஆனா இந்த ஆனைக்கல் கிரவுண்டுல விசில் லேசுல ஊதாது. ஏன்னு கேட்டீங்கள்ல? அப்பக் காதக் குடுங்க.

அது வெள்ளக்காரத் தொரை இருந்த காலம். எங்க தாத்தாவே அப்பப் பொறக்கலயாம். இந்த ஆனைக்கல் தோட்டத்துல பழனியாயி, பழனியாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க தாத்தாவுக்குப் பெரியம்மா. தேயிலைக் கொழுந்து எடுக்குறதுல கை ஓயாது, வாயும் ஓயாதாம். அவ புருசன் அங்கமுத்து. அவந்தான் நம்ம கிளப்புக்கு முன்னால நின்னு கோல் அடிக்கிறவன்.

கிளப்ப ஆரம்பிச்சதே தொரைதான். பக்கத்து நெட்டமரம் தோட்டத்துத் தொரை பந்தாட்டத்துல ஜெயிச்சு ஒரு ஷீல்டு வச்சிருந்தானாம். அதப் பாத்து நம்ம தொரைக்கு வயிறு எரிஞ்சுது. நல்லா ஓடுற ஆம்பளைங்களாப் பொறுக்கி எடுத்தான். "ஆட்டம் இருக்குற அன்னிக்கு மம்பட்டி தொட வேணாம். ஆடுங்க. முழுப்பேர் போடுறேன்"னானாம். முழுப்பேர்னா முழு நாள் சம்பளம். பந்து ஒதச்சுச் சம்பளம்! உங்களுக்கெல்லாம் முன்னோடி அவங்கதான், போங்க.

ஆம்பளைங்க ஆடுவாங்க. பொம்பளைங்க? கொழுந்து காத்துக்கிட்டு நிக்குமா, முத்திப் போயிரும்ல. அதனால பொம்பளைங்க மலையில. அதுவும் எங்க? அந்தா, அந்தக் கோலுக்குப் பின்னால சரிவு இருக்கு பாருங்க, அங்கதான். ஆட்டம் மேல, இவ கீழ, நடுவுல மேடு. தலைய எவ்வளவு தூக்கினாலும் வானந்தான் தெரியும்.

சத்தம் மட்டும் கேக்கும். "ஓ"ன்னு ஒரு சத்தம். யாரு போட்டது, நம்மாளா, அவனுகளா? கை கொழுந்துல, காது மேட்டுல. மறுபடியும் "ஓ"ன்னு கேக்கும். ஐயோ, விழுந்துட்டானா, ஜெயிச்சுட்டானா? அவளுக்கு நிக்கவும் முடியல, எடுக்கவும் முடியல. வேலைய மேய்க்கிற கங்காணிகிட்ட கெஞ்சுவா.

"கங்காணியாரே, ஒரு எட்டு ஏறிப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"கொழுந்தப் பாருடி. போனீன்னா அரைப்பேர்தான்."

நாலு வருசமா இதே பாட்டு. தொரைகிட்ட இருந்தது ஒரே ஒரு தோல் பந்தாம். அது சரிவுல உருண்டு வந்தா இவதான் எடுத்து மேல எறியணும். கொடுமையப் பாருங்க. பந்தத் தொட்டிருக்கா, ஆட்டத்தப் பாத்ததில்ல.

அஞ்சாம் வருசம் அங்கமுத்துவுக்கு முட்டி போச்சு. "இந்த ஷீல்டு ஆட்டத்தோட நிறுத்திக்க. மேல ஆடுனா நொண்டிதான்"னு தோட்டத்து டாக்டரய்யா சொல்லிட்டாராம். அப்ப, பழனியாயி அன்னிக்குப் பாத்தாத்தான் உண்டு. கங்காணிகிட்ட கேட்டா, முடியாதுன்னான். கணக்கப்புள்ளகிட்ட கேட்டா, முடியாதுன்னான். கட்டுன புருசனே, "பொம்பளைக்கு அங்க என்னா வேல"ன்னானாம். எனக்கு இப்ப நெனச்சாலும் ஆத்திரமா வருது.

ஆட்டம் ஆரம்பிச்சுது. அவனுக ஒண்ணு போட்டானுக, நம்மாளுக ஒண்ணு போட்டாங்க. பள்ளத்துல இருந்து பனிமூட்டம் ஏறுது. மூட்டம் மூடி ஆட்டம் நின்னுச்சுன்னா ஷீல்டு நெட்டமரத்துக்கேன்னு பேச்சு. நம்ம தொரை கைக்கடிகாரத்தப் பாக்குறான், மூட்டத்தப் பாக்குறான், ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குறான்.

அப்ப எவனோ ஒதச்ச ஒதையில பந்து மேட்டத் தாண்டி, துள்ளித் துள்ளி வந்து பழனியாயி காலடியில நின்னுச்சாம். மேல இருந்து, "எறி! எறி!"ன்னு கத்துறாங்க. அவ எறியல. எடுத்தா. கூடைக்குள்ள போட்டா. மலையேறுனா.

"ஏய், எங்கடி போற?"ன்னான் கங்காணி.

"பந்து குடுக்கப் போறேன்."

"எறிஞ்சாப் பத்தாதா?"

"எறிஞ்சா மறுபடியும் உருண்டு வருது. கையில குடுத்துட்டு வர்றேன்."

அவ பின்னால ஒருத்தி ஏறுனா. அவ பின்னால ஒருத்தி. அவ பின்னால இன்னொருத்தி. மலையே காலியாம்!

பழனியாயி நேராப் போயி கிரவுண்டு ஓரத்துக் கோட்டு மேல உக்காந்தா, கூடைய மடியில வச்சுக்கிட்டு. தொரை ஓடியாந்தான். "பந்து குடு!"

"உக்காந்து பாக்க விடுங்க, குடுக்குறேன்."

"அரைப்பேர் போடுவேன்!"

"அரைப்பேர் போட்டா அரைப் பந்துதான் குடுப்பேன், தொரை."

அங்கமுத்து நொண்டிக்கிட்டே வந்தான். "குடு புள்ள, மானம் போவுது."

"வீட்டுக்கு வந்து நான் போட்டேன், நான் போட்டேங்குற. ஒண்ணாச்சும் நான் பாத்தேனா? இன்னியோட உன் ஆட்டம் முடிஞ்சுது. இன்னிக்கு விட்டா எனக்கு எப்ப?"

மூட்டம் கோல் கம்பத்துக்கு வந்துருச்சு. நெட்டமரத்துத் தொரை சிரிக்கிறான். நம்ம தொரைக்கு மொகம் செவந்துபோச்சு. "சரி, உக்காரு!"

"எனக்கு மட்டுமில்ல, அத்தன பேருக்கும். முழுப்பேரோட. இன்னிக்கு மட்டுமில்ல, ஆட்டம் நடக்குற அன்னிக்கெல்லாம்."

தொரை பல்லக் கடிச்சான். மூட்டத்தப் பாத்தான். ரெண்டு தோட்டமும் கேக்க, "சரி"ன்னு கத்துனானாம்.

அப்பறந்தான் பந்து கூடைய விட்டு வெளிய வந்துச்சு. ஆட்டம் நடந்துச்சு. பொம்பளைங்க வச்ச கண்ணு வாங்கல. பந்து அங்கமுத்து காலுக்கு வந்துச்சு. முன்னால யாருமில்ல, கோல் காக்குற கோலிகூட வழுக்கி விழுந்து கெடக்கான். அங்கமுத்து ஓடுறான், ஓடுறான், ஓங்கி ஒதச்சான். முட்டி மடங்கிருச்சு. பந்து கோலுக்கு மேல பறந்து, மேட்டத் தாண்டி, மூட்டத்துக்குள்ள போயிருச்சாம்.

"எறி! எறி!"ன்னு எல்லாரும் கத்துறாங்க. யாரு எறியிறது? கீழ ஒரு ஈ காக்கா இல்ல. எறியிறவங்க எல்லாம் மேல வரிசையா உக்காந்திருக்காங்க! தேடித் தேடிப் பாத்தாங்க, பந்து கெடைக்கல. ஷீல்டு போச்சு. தொரை தொப்பியத் தூக்கி அடிச்சான். ஆனா ரெண்டு தோட்டம் கேக்கச் சொன்ன வார்த்தை, எப்புடி முழுங்குவான்?

அங்கமுத்து வந்து அவ பக்கத்துல பொத்துன்னு உக்காந்து அழுதானாம். "இதப் பாக்கவா புள்ள ஏறி வந்த?"

அவ சொன்னாளாம்: "நாலு வருசமா சத்தத்த வச்சே ஒருத்தன மனசுக்குள்ள ஆட விட்டேன். அவன் ஒதச்சா ஒண்ணுகூடத் தப்பாது. ஆனா அவனுக்கு மூஞ்சியே இல்ல. இன்னிக்கு நீ நாக்கத் துருத்திக்கிட்டு ஓடியாந்த பாரு, அதப் பாக்கவே ஏறி வந்திருக்கலாம்."

அழுதவன் சிரிச்சுட்டானாம்.

அன்னியில இருந்து அந்த மேட்டுக்குப் பேரு பழனியாயி மேடு. அங்க பொம்பளைங்கதான் உக்காரணும். பந்த வெளிய ஒதச்சவன் எவனோ, அவனே எறங்கி எடுக்கணும். ரெபரி மேட்டப் பாத்து, "ஏறியாச்சா?"ன்னு கேக்கணும். "ஏறியாச்சு"ன்னு சத்தம் வந்தாத்தான் விசில்.

ஒருதரம் வெளியூர் ரெபரி ஒருத்தன், கேக்காமலே ஊதிட்டானாம். நெட்டமரத்துக்காரனுக பந்த எடுத்துக்கிட்டுப் போயி கோலே போட்டுட்டானுக. நம்ம ஆளுக ஒருத்தன்கூட அந்தப் பக்கம் திரும்பலயாம். அத்தன பேரு கண்ணும் மேட்டு மேல, கடைசிப் பொம்பளை ஏறி வந்துட்டாளான்னு.