வேஷக் கொட்டகையில் கேட்ட குரல்

டீ வேண்டாம் சார், பஸ் ஸ்டாண்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தேன். பெயர் சுகுமார். உத்திரமேரூரில் மைக்செட் வைத்திருக்கிறேன். சாட்சி என்று கூப்பிட்டீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாரதக் கூத்தில் பெண்கள் வேஷம் கட்டக் கூடாது. திரௌபதி வேஷம் காலனிப் பையன் ஸ்ரீகாந்த்துக்கு. நன்றாகப் பாடுவான், அதை நான் மறுக்கவில்லை. கூத்தின் கடைசி நாள், துரியோதனன் விழும் படுகளத்தன்று காலையில் ஹெட்போனை மாட்டியதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. குரல் மேலே ஏறும் இடத்தில் அவன் மூச்சை இழுப்பான். அன்றைக்கு அந்த இழுப்பு இல்லை. ஜனங்கள் அரிதாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குரலைக் கேட்டேன். அது என் மாமா தாமோதரனின் பெண் சசிரேகாவின் குரல்.

பாட்டு முடிந்ததும் வெளிச் சத்தத்தை இறக்கினேன். அவள் காலர் மைக்கைக் கழற்றாமல் வேஷக் கொட்டகைக்குள் போனாள். உள்ளே ஸ்ரீகாந்த் இருந்தான். காய்ச்சலில் தொண்டை கட்டியிருந்தது அவனுக்கு, அதனால்தான் இவள் வேஷம் கட்டியிருக்கிறாள்.

"மொதல்ல வேசத்தக் கலை. உங்க அண்ணனுங்க முன்னாலயே குந்திக்கினு கீறாங்க" என்றான்.

அப்போது சத்தத்தை ஏற்றினேன்.

"இருந்துட்டுப் போவட்டும். எதிர்லயே நின்னு பாடினேன், ஒருத்தனுக்கும் தெரியல. கட்டிக்கினா உன்னத்தான் கட்டிக்குவேன்." ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கரில் போனது. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அண்ணன்கள் எழுந்து கொட்டகைக்குள் பாய்ந்தார்கள். உடனே சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டேன். குழந்தைகள் இருக்கிற இடம், அதையெல்லாம் கேட்கக் கூடாது. ஹெட்போனில் நான் மட்டும் கேட்டேன், முதல் அடியிலிருந்து அவன் மூச்சு அடங்கும் வரைக்கும். அவன் கெஞ்சவில்லை. "அவள ஒண்ணும் பண்ணாதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏன் ஓடிப்போய்த் தடுக்கவில்லை என்கிறீர்கள். மிஷினைப் போட்டுவிட்டு எப்படி நகர்வது?

தெரிந்துதான் ஏற்றினாயா என்றால், தெரிந்துதான். அவர்கள் கோபம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் அவன்மேல் என் விரல்கூடப் படவில்லை. வழக்கம் மீறியதை ஊருக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

சசிரேகா அன்றிலிருந்து வாய் திறக்கவில்லையாம். நேற்று மாமாவைப் பார்த்து, இவ்வளவு நடந்த பிறகும் அவளைக் கட்டிக்கொள்ள நான் தயார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு இனிமேல் என்னை விட்டால் வேறு யார் சார் இருக்கிறார்கள்?