மயக்கம் தெளியக் கடல் காணாது

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். ஆனால் லோஞ்சுப் படகில் ஒரு ஆள் பெண்சாதியிடம் சொன்ன ஒரு வார்த்தை விடவில்லை.

"நீர் எழும்பாட்டி, உம்மைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அடிக்கடலுக்கு இறங்குவன்."

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்தோம். அவர் சங்கு குளிக்கிறவர். மனைவியை வயிற்று ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் கூட்டிப் போகிறார். மயக்கினால் எழும்பமாட்டேனோ என்று அவளுக்குப் பயம். டொக்டருக்குப் படிக்கும் அவளுடைய தம்பி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான்.

"அக்கா, நரம்புக் கலத்தைச் சுத்திக் கொழுப்பில ஒரு மெல்லிய தோல் இருக்கு. மருந்து அதில கரைய, தோல் வீங்கி இளகும். அப்ப சேதி போகாது, நித்திரைதான். மூச்சோட மருந்து வெளியேற, தோல் பழையபடி இறுகும். அப்பிடித்தான் நினைக்கினம்."

"இறுகாட்டி?"

"இறுகும். மயங்கின தவளைக்குஞ்சைத் தண்ணியோட அமுக்கினா, மருந்து உள்ளுக்க இருக்கவே எழும்பி நீந்துமாம். ஆழ்கடலில இருக்கிற மாதிரி அமுக்கம் தோலை நெருக்குதாம்."

அதற்குத்தான் புருசன் அப்படிச் சொன்னார்.

"அத்தான், அதுக்கு அரை மைலுக்கு மேல ஆழம் வேணும். எங்கட கடல் காணாது, அவ்வளவு ஆழமில்லை."

"மயக்கத்தில தப்பினாலும் இவர் என்னைக் கடலில தாட்டுப்போடுவார்," என்று அவள் சிரித்தாள்.

துறையில் அவளை முதலில் இறக்கிவிட்டு, புருசன் தம்பியின் கையைப் பிடித்தார்.

"காணாதெண்டு வடிவாத் தெரியுமோ, தம்பி?"

இதைச் சொல்லி என் கூட்டாளியைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"கடல் காணாட்டி அந்தாள் அடியைத் தோண்டியெண்டாலும் இறங்கும்."