உயிரோடு பிடிக்கும் முறை

நாற்பத்து மூன்று வயதுப் பெண் வீடியோ கேம் ஆடுகிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். நீங்களும் சிரித்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார். தப்பில்லை. வங்காள மொழி பேச வரும், எழுத வராது என்றேன். தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். அதனால் அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

என் பெயர் ஜலஜா. கார்டன் ரீச்சில் அரசாங்க வேலை. அப்பா திருச்சியிலிருந்து மாற்றலாகி இங்கே வங்காளத்துக்கு வந்தவர். அவர் முதலில் இறந்துபோனார். அம்மா இறந்தபோது தம்பி விவேக்குக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வாரம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்கு, கரியாஹாட் கடைத்தெருவில் 'ஃபாங் வேலி' என்ற வீடியோ கேமின் முதல் பாகம் வாங்கி வந்து கொடுத்தேன். அன்று சாப்பிட்டான். அதற்குப் பிறகு பதினேழு வருஷம், ஐந்து பாகம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் சேர்ந்துதான் வேட்டைக்குப் போனோம்.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலைபோல ஒரு விலங்கு வரும். அதற்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டமாட்டார்கள். மூச்சையும் நடையையும் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் பாகத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு குறி போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பார்க்கத் தெரியாதவனுக்கு வேட்டை எதற்கு?

விலங்கு நொண்டத் தொடங்கினால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். நொண்டிக்கொண்டே தன் குகைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது வெட்டிக் கொல்லலாம். அல்லது பொறி வைத்து, மயக்க உருண்டை இரண்டு எறிந்து, உயிரோடு பிடிக்கலாம். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். விவேக் வெட்டுகிற கட்சி. நான் பிடிக்கிற கட்சி.

"பாப்ரே! மறுபடியும் கட்டிப் போட்டுட்டியா? உனக்கு மனசே வராதாக்கா?" என்று கிண்டல் செய்வான்.

எனக்கு மனசு வராதுதான். அந்த விளையாட்டின் இணைய ரசிகர் மன்றத்தில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வேட்டைக்காரருக்கும் விளையாட்டில் ஒரு அட்டை உண்டு. என் அட்டையில் பிடித்தவை ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. கொன்றவை பூஜ்யம். அதில் எனக்குப் பெருமை உண்டு.

தை பிறந்ததும் விவேக் ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். அவன் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் சாதனாவுக்கும் அங்கேதான் வேலை.

"ஆன்லைன்ல சேந்து ஆடலாம்க்கா. ஒண்ணும் மாறாது பாரு."

"அதுக்கென்ன, ஆடலாமே" என்றேன். அவன் பெட்டி அடுக்கினான். பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அழுதால் சிரிப்பான், கோபித்தால் கொஞ்சுவான், இரண்டுக்கும் பிறகு போய்விடுவான்.

ஹவுராவில் ரயில் ஏற வேண்டிய அன்று காலை, அம்மாவின் பழைய தூக்க மாத்திரையைக் காபியில் கலந்தேன். பிற்பகல்வரை தூங்கினான். ரயில் போய்விட்டது. "களைப்புடா, உடம்பு கேக்குது" என்றேன். நம்பினான். நான் சொன்னால் நம்புவான். அவன் அலுவலகத்தில் வேறு தேதி கொடுத்தார்கள். நானும் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் தலைசுற்றி மாடிப்படியில் உருண்டான். கணுக்கால் வீங்கிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே தன் அறைக்குப் போய்ப் படுத்தான்.

இனி அவனைக் கொஞ்சம்கூட வருத்தக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆனால் சாதனா போன் செய்தாள். "நான் சனிக்கிழமை வரேன்க்கா. வீல்சேர் போட்டு ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போயிடறேன். உங்களுக்கு ஏன் சிரமம்?" நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சனிக்கிழமை காலை காபியில் ஒரு முறை கொடுத்தேன். கண் சொருகியது. பிறகு அவனைத் தட்டி எழுப்பி, தலையை மடியில் வைத்து, இரண்டாம் முறை பாலில் கொடுத்தேன். "போதும்க்கா" என்றான். இன்னும் கொஞ்சம்தான் என்று சொன்னேன், குடித்துவிட்டான். மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேகமாக இருந்தது, மெல்லக் குறைந்தது, சீரானது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, பிடித்தாகிவிட்டது. போர்த்திவிட்டு, அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்கப் போனேன்.

பதினோரு மணிக்குச் சாதனா வந்தாள். "தூங்கறான்மா, எழுப்பாதே" என்றேன். அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

மாத்திரை கொடுத்தது நான்தான். இரண்டு முறையும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தயாரித்திருக்கும் தாளில் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். எங்கள் டிவிக்குப் பக்கத்தில் விளையாட்டுப் பெட்டி இருக்கிறது. போட்டு, என் அட்டையைத் திறந்து பாருங்கள். கொன்றவை என்ற இடத்தில் இன்னமும் பூஜ்யம்தான் இருக்கும்.