குரோமுக்கு மேல கறுப்பு

ஜெயப்பிரகாஷ்: மெஷின்ல மணல் அடிச்சு குரோமைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் மாமா கறுப்பு பவுடர் கோட்டிங் போடணும். அப்படியே மேலாப்ல போட்டா நிக்காது.

பொன்னுரங்கம்: இந்த சைக்கிள் ஃபிரேம்ல குண்டூசி அளவு குரோம் போனாலும் உன் கடை வாசல்ல உக்காந்துடுவேன். அப்புறம் செம்மண்டலத்துல பஸ் ஓடாது.

ஜெயப்பிரகாஷ்: வழவழன்னு இருக்குதில்ல... பவுடர் எதைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்? ஒரு கல்லு பட்டா போதும், வறுத்த முந்திரித் தோலு மாதிரி உரிஞ்சிடும்.

பொன்னுரங்கம்: எத்தினி நாள்ல?

ஜெயப்பிரகாஷ்: மூணு மாசம், நாலு மாசம்... ஏன் கேக்கறீங்க?

பொன்னுரங்கம்: சும்மாதான். இது என்னா வண்டின்னு தெரியுமா உனக்கு? எழுபத்திரண்டுல கடலூர்லேருந்து சிதம்பரத்துக்கு ரயிலோட ரேஸ் விட்ட வண்டி. பரங்கிப்பேட்டைகிட்ட எறங்கி ஒரு டீ குடிச்சேன். அப்பவும் ரயிலு பின்னாடிதான் வந்துச்சு.

ஜெயப்பிரகாஷ்: போன தடவ ரெண்டு டீன்னீங்க.

பொன்னுரங்கம்: ரெண்டாவது, ரயில் டிரைவருக்கு வாங்கிக் குடுத்தது. இப்ப ரயிலையே நிறுத்திட்டு பிராட்கேஜ் போடறானுங்களே, எதுக்குங்கற? எங்கிட்ட தோத்த வெக்கம்.

ஜெயப்பிரகாஷ்: சரி... இத்தினி பெருமை பேசறவரு, எதுக்கு கறுப்பாக்கணுங்கறீங்க?

பொன்னுரங்கம்: அது... வயசாச்சில்ல.

ஜெயப்பிரகாஷ்: உங்களுக்கா? போன வாரம்தான் ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டிக்கிட்டுப் போனீங்க.

பொன்னுரங்கம்: சும்மா விட்டது ஒரு கைதான். இன்னொண்ணு மீசைல இருந்துச்சு.

ஜெயப்பிரகாஷ்: வெளயாட்டு வேணாம் மாமா. தேவனாம்பட்டினத்துல, கடலுக்கு எதிர்க்க, நான் கோட்டிங் போட்ட கேட்டு அஞ்சு வருஷமா நிக்குது. ஒரு பொட்டு உரியல. உரியற வேலைய நான் செய்யறதில்ல.

பொன்னுரங்கம்: உரியணும்டா.

ஜெயப்பிரகாஷ்: என்னாது?

பொன்னுரங்கம்: மெதுவா பேசு... உரியணும். வீட்டுல உங்க அத்தை ஒரே புடியா நிக்கிறா. "பென்ஷன் வாங்கற ஆளு, புது மாப்ள மாதிரி பளபளன்னு சுத்தறீங்க, கறுப்படிச்சாத்தான் சோறு"ங்கறா. நான் அடிச்சிட்டேன்னு வையி, அவ பேச்ச கேட்ட மாதிரி ஆச்சு. நாலு மாசத்துல அதுவா உரிஞ்சா... நான் என்னா பண்ண முடியும்?

ஜெயப்பிரகாஷ்: எம்பேரு கெட்டுப்பூடுமே.

பொன்னுரங்கம்: உம்பேரு வாயிலயே வராது. வெளியூர்ல போட்டேன்னு சொல்லிக்கறேன்.

ஜெயப்பிரகாஷ்: அத்தைக்குத் தெரிஞ்சா?

பொன்னுரங்கம்: ஞானாம்பாளுக்கா? முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவகூட அவ என்னைக் கண்டுபுடிச்சதில்ல.

ஜெயப்பிரகாஷ்: ம்... மணல் அடிக்கல மாமா. ஃபிரேமை வெச்சிட்டுப் போங்க.

பொன்னுரங்கம்: இவ்ளோ நேரம் மாட்டேன் மாட்டேன்னியே?

ஜெயப்பிரகாஷ்: நீங்க உண்மையச் சொல்றீங்களான்னு பாத்தேன். அத்தை நேத்தே வந்துட்டுப் போனாங்க. "சிதம்பரத்துலேருந்து என் தங்கச்சி புஷ்பவள்ளி வந்து ஒரு மாசம் தங்கறா. நான் சொன்னா அவரு வண்டிய கறுப்பாக்கிடுவாருன்னு அவகிட்ட சவால் வுட்டுட்டேன். அவ ஊருக்குப் போற வரைக்கும் கறுப்பு நின்னா போதும். மணல் கிணல் அடிச்ச, கைய ஒடிச்சிடுவேன். அந்த பளபளப்பப் பாத்துத்தான் அந்தாளக் கட்டிக்க ஒத்துக்கிட்டேன், மூஞ்சியப் பாத்து இல்ல"ன்னாங்க.