ஹால் நிறைந்திருந்தது

தொண்ணூற்றொன்பது புத்தகம் எழுதியவனிடம் என்ன எழுதினாய் என்று யாரும் கேட்பதில்லை. நூறாவது எப்போது என்றுதான் கேட்பார்கள். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளிக்காரனான நான் முப்பது வருடம் முன்பு செய்தியாளனாக வண்டிப்பெரியாருக்கு வந்தேன். காலையில் விபத்து, மதியம் ஏலக்காய் விலை, மாலையில் புத்தகம். யானை பற்றி ஏழு, நேர்மை பற்றி நான்கு, மூலநோய்க்கு வீட்டு வைத்தியம் ஒன்று. விற்றது கடைசியில் சொன்னது மட்டும்தான்.

நீங்கள் விசாரிப்பது செபமாலையம்மாளைப் பற்றி. ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவர் இருந்த தொழிலாளர் லயத்தில் வரிசையாக ஆறு வீடு. ஜூன் மாதம் ஒரு செய்திக்காகப் போனபோது, பின்சுவரில் விட்டிருந்த வெடிப்பைக் காட்டினார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

"குறுக்கால ஒரு தாளை ஒட்டி வைங்கம்மா. கிழிஞ்சா செவுரு நகருதுன்னு அர்த்தமுங்க. ஒடனே எனக்குக் கூப்பிடுங்க, எல்லாரையும் சர்ச் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

யோசனை சரியானதுதான். அவர் என் வாரப் பத்தியை, என் படத்தோடு, கஞ்சிப் பசை தடவி ஒட்டினார். "இனி நீங்கதான் காவல் இருக்கிய, சார்" என்று சிரித்தார்.

ஆகஸ்டில் நூறாவது புத்தகத்தின் வெளியீடு, அதே சர்ச் ஹாலில். பங்குச் சாமியார் சாவியை என்னிடமே கொடுத்திருந்தார். நூற்றைம்பது நாற்காலி போட்டோம். நான்கு மணிக்கு மழை பிடித்தது. ஐந்து மணிக்கு முப்பத்தொரு பேர், மைக் செட்காரரையும் சேர்த்து. வாழ்த்துரை சொன்னவர், "பூபதிராஜா அவர்கள் இம்மலைநாட்டின் எழுத்துச் சிகரம்" என்றார். முப்பத்தொரு பேரும் கைதட்டினார்கள். ஹால் பெரியது என்பதால் ஒவ்வொரு கையும் தனித்தனியாகக் கேட்டது.

அப்போதுதான் போன் வந்தது. என் போனுக்கு வந்த அழைப்புகளின் பட்டியல் உங்கள் மேசையில் இருக்கிறது: ஐந்து இருபத்தாறு, ஒரு நிமிடம் ஐந்து வினாடி. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"சார், தாளு கிழிஞ்சிட்டு. ஒங்க படத்துக்கு நடுவால. பதினேழு பேரு இருக்கோம், எம் மவ சோனாவுக்கு இது எட்டாம் மாசம். ஹாலுக்கு எறங்கி வந்திரட்டுமா?"

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். நூறு நாற்காலிக்கு மேல் காலி. நனைந்த மூட்டைகளோடு அவர்கள் வந்தால் விழாப் புகைப்படம் கெட்டுவிடும் என்று நினைத்ததாக முதலில் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அது பொய். புகைப்படக்காரர் அதற்குள் கிளம்பியிருந்தார். உண்மை அதைவிடச் சின்னது. என் பத்தியைச் சுவரில் ஒட்டி வைத்தவர் இந்த மலையில் அவர் ஒருவர்தான். அவர் வந்து அந்தக் காலி நாற்காலிகளைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

"ஹால் நெறைஞ்சு கெடக்குதுங்கம்மா. நிக்கக்கூட எடமில்லீங்க. இன்னொரு தாள் ஒட்டி வைங்க, காலைல பாத்துக்கலாம்" என்றேன்.

விடிவதற்கு முன் மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. பதினேழு பேரில் பதினொரு பேர் இறந்தார்கள், அவரும் மகளும் அதில். சோனாவை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்று செய்தி எழுதும்போது சற்று யோசித்தேன். ஒன்று என்றே எழுதினேன். முதல் செய்தி என்னுடையதுதான். மூன்று மாதத்தில் நூற்றொன்றாவது புத்தகமும் வந்தது. அவர்களுக்கு ஏன் ஒருவரும் இடம் கொடுக்கவில்லை என்று அதில் ஓர் அத்தியாயம் முழுக்க அரசாங்கத்தைக் கேட்டிருக்கிறேன். அதற்கு விருது கிடைத்தது.

வர வேண்டாம் என்றது நான்தான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

ஒன்றை மட்டும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்றதும் அவர் வருத்தப்படவில்லை. "அம்புட்டுக் கூட்டமா சார்? ரொம்ப சந்தோசம். நீங்க விழாவப் பாருங்க, நாங்க காலைல வாறோம்" என்றார். அந்த ஹால் நிறைந்திருந்தது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். அது அப்படியில்லை என்று அவரிடம் யாரும் சொல்ல நேரவில்லை. அந்த மட்டில் அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.