பளபளப்பின் மேல் எனக்குள்ள சந்தேகம்

வலிக்கவில்லை என்று நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் நம்பாமல், ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தே பழகிய பல் மருத்துவரும், நம் மலைச்சைக்கிள் சங்கத்தின் தலைவருமான ஐயா அவர்களே! இந்தப் புதுப் பாதைக்காக மண் கொத்தி, கல் பொறுக்கி, கை காய்த்துப்போன தோழர்களே! சைக்கிள் கடை உரிமையாளர் அவர்களே, உங்களிடம் பிறகு வருகிறேன், அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள். விழுந்து வரும் பிள்ளைக்கு மருந்து போடுவதா, முதுகில் ஒன்று போடுவதா என்று தெரியாமல் நிற்கும் தாய்மார்களே! வயதால் மூத்த பெரியோர்களே, வேகத்தால் மூத்த இளையோர்களே! உங்கள் அனைவரையும் என் இரு கரம் கூப்பி வணங்குகிறேன். கூப்பிய கரங்களில் கையுறை இருப்பதைப் பொறுத்தருளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் எடையளவு ஆய்வாளன். கடை கடையாய்ப் படியேறி, தராசு தராசாய்த் தட்டிப் பார்ப்பது என் பிழைப்பு. விடுமுறையில் மலை மலையாய்ச் சைக்கிள் மிதிப்பது என் பித்து. சங்கத்தில் என் சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். "சந்தேகம் வந்தாச்சா? சந்தேகம் டீ குடிச்சாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இன்று இந்தப் பாதை திறக்கிறது. என் பேச்சு முடிந்ததும் முதல் ஆளாய் இதில் இறங்கப் போகிறவள் என் தங்கை மகள். அவள் பின்னால் வரிசையாக நீங்கள். அதோ, மேடை ஓரத்தில் அவள் நிற்கிறாள், பக்கத்தில் அவள் சைக்கிள் நிற்கிறது. முதல் வளைவு எப்படிப்பட்டது என்று வெட்டியவர்கள் நீங்களே அறிவீர்கள். இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

முன்வரிசையில் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் என் தங்கை. "உன்னை நம்பித்தான் அனுப்புறேன் அண்ணா" என்றாள் காலையில். "என்னை ஏம்மா நம்புற, நீயே ஒரு தடவை பார்த்துக்க" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாருங்கள்.

தலைவர் மணியடிக்கிறார். இப்போதுதானே ஐயா தொடங்கினேன்? உதிரி பாகங்கள் பற்றியும், ஓட்டுபவர் உடுத்த வேண்டியவை பற்றியும் நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னீர்கள். நாலு வார்த்தை இருக்கிறது. நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்?

அவையோரே, எதை நம்புவது? யாரை நம்புவது? எதற்காக நம்புவது?

கார்பன் கைப்பிடி என்றார்கள். காகிதம் போலக் கனமில்லை என்றார்கள். வாங்கினேன். பிரித்தேன். அலுவலகத் தராசில் வைத்தேன். பெட்டியில் போட்டிருந்த எடை ஒன்று, தராசு காட்டிய எடை வேறொன்று. கடைக்காரரிடம் கேட்டேன். "பெயின்ட் வெயிட்டு சார் அது" என்றார். பெயின்ட்டைக் கழற்றி வைத்துவிட்டா நான் ஓட்டப் போகிறேன்? சிரிக்காதீர்கள், அவரும் சிரிக்கிறார். எடையாவது போகட்டும். அலுமினியக் கைப்பிடிக்கு அடிபட்டால் வளைந்து நிற்கும், நமக்கும் புத்தி வரும். கார்பனுக்கு அடிபட்டால் உள்ளே நொறுங்கி, வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கையோடு வந்துவிடும். அப்படிப்பட்டவரோடு மலையிறங்க எனக்கு மனம் வரவில்லை.

முன்பக்கத்துச் சஸ்பென்ஷனைப் பற்றிக் கேளுங்கள். கடையில் நிறுத்தி வைத்து, "அமுக்கிப் பாருங்க சார், பஞ்சு மாதிரி இருக்கும்" என்பார்கள். பஞ்சு மாதிரி இருக்கவா நான் மலைக்குப் போகிறேன்? கடைத் தரையில் எந்தச் சஸ்பென்ஷன்தான் குலுங்காது? கல்லில் இறங்கிக் காட்டு, கட்டையில் ஏறிக் காட்டு, என் கனத்தைத் தாங்கிக் காட்டு. அதன்பின் பஞ்சா இரும்பா என்று நான் சொல்கிறேன்.

முட்டிக் கவசம் வாங்கினேன். நின்றால் முட்டியில் இருக்கிறது, மிதித்தால் கணுக்காலுக்கு வந்துவிடுகிறது. விழும்போது முட்டியில்தான் விழுவேன் என்று நான் எழுதியா கொடுத்திருக்கிறேன்? கையுறை என்றால் மெத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள். விரல் சுகமாய்த் தூங்குகிறது, பிரேக் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. எனக்கு மெல்லிய கையுறைதான். பிய்ந்தால் பிய்யட்டும், கம்பியின் குளிர்ச்சி விரலுக்குத் தெரிய வேண்டும்.

இடையில் ஒன்று. மேடை ஏறியதிலிருந்து எலுமிச்சை மிட்டாய் வாசனை மூக்கில் ஏறுகிறது. தலைவர் அவர்களே, நீங்கள் பூசிக்கொண்டதா? இல்லையா. சரி, விட்டுவிடுகிறேன். இல்லை, விடமாட்டேன், பிறகு வருகிறேன்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். வெளியே வழவழப்பு, உள்ளே வெறும் நுரை. அந்த நுரைதான் உயிர் காக்கிறது, வழவழப்பு விலையைத்தான் காக்கிறது. ஒருமுறை தரையில் அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். "கீறல்கூட இல்லையே" என்கிறீர்கள். கீறல் இல்லாததுதான் எனக்குச் சந்தேகம். அடிபட்டும் முகத்தில் காட்டாத ஆளை வீட்டில் வைத்துக்கொள்வீர்களா?

அங்கே பின்வரிசையில் ஒருவர் ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள். "உங்க சைக்கிளுக்கு மட்டும் ஏன் சார் பூட்டு?" நல்ல கேள்வி. எல்லோரும் மேடைக்குக் கீழே வரிசையாக நிறுத்திவிட்டு, டீ குடிக்கப் போனீர்கள். நான் மட்டும் பின்பக்க விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, அதற்கு மேலே ஒரு போர்வையும் போர்த்தியிருக்கிறேன். திருடனுக்குப் பயந்தா? திருடனுக்கு என் சைக்கிள் எதற்கு, அதில் மண் போக மிச்சமென்ன இருக்கிறது? நான் பயப்படுவது அன்பானவர்களுக்கு. அன்பானவர் சும்மா பார்க்க மாட்டார். தொட்டுப் பார்ப்பார். தொட்டவர் திருகிப் பார்ப்பார். திருகியவர் திருப்பி வைக்க மறந்துவிடுவார்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? இனி என் பேச்சின் உயிர்நாடிக்கு வருகிறேன். பிரேக்.

ஓடுவதற்கு ஆயிரம் பாகம் இருக்கலாம், நிற்பதற்கு இரண்டு விரலும் ஒரு தகடும்தான். சக்கரத்தின் நடுவே வட்டமாக ஒரு தகடு, அதை இரு பக்கமும் கவ்வும் இரண்டு பிரேக் பேட். உலோகத்தை உலோகம் உரசி, சூடேறி, சீறி நிற்க வேண்டும். சைக்கிளில் எது மின்னினாலும் மின்னட்டும். சங்கிலி மின்னட்டும், சட்டம் மின்னட்டும், சீட்டுக்கூட மின்னட்டும். அந்தத் தகடு மட்டும் மின்னக்கூடாது. உழைக்கிற தகடு மங்கலாய்த்தான் இருக்கும். இதோ என் மருமகளின் சைக்கிளையே பாருங்கள், இந்தத் தகடு எப்படி...

ஒரு நிமிடம்.

ஒரு நிமிடம் பொறுங்கள். இந்தத் தகட்டில் என் முகம் தெரிகிறது.

நேற்று மாலை இது மங்கலாகத்தானே இருந்தது? தலைவரே, மணியடிக்காதீர்கள். இதோ, குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். எலுமிச்சை மிட்டாய். வாசனை உங்களிடமிருந்து வரவில்லை ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கிருந்துதான் வருகிறது.

இந்தச் சைக்கிளைக் காலையில் யார் தொட்டது?

யார் எழுந்து நிற்பது? மாப்பிள்ளையா? அவையோரே, இவர்தான் என் தங்கை கணவர், இவளுடைய அப்பா. கார் விற்கும் நிறுவனத்தில் வேலை. வாடிக்கையாளர் வருமுன் கார்களைத் துடைத்துப் பளபளக்க வைப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை. சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரியாது. மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"நான்தான் மச்சான். பொண்ணு மேடையில நிக்கப் போறாளே, சைக்கிள் அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்னு கார் பாலிஷ் அடிச்சேன். அந்த வட்டத் தகடுதான் ரொம்ப மங்கலா இருந்துச்சு. அதுக்கு மட்டும் நல்லா நனையிற மாதிரி அடிச்சேன்."

கேட்டீர்களா? அதுக்கு மட்டும் நல்லா நனையிற மாதிரி.

யாரும் அவரைத் திட்டாதீர்கள். முதலில் சோதித்துப் பார்க்கலாம். அம்மாடி, ஓட்டிப் பார்த்தாயா இதை? இல்லை என்கிறாள். வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றி வந்து கீழே வரிசையில் நிறுத்தி, அங்கிருந்து மேடைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். வா, சைக்கிளின் மேல் உட்கார். இரண்டு பிரேக்கையும் பிடி. இன்னும் அழுத்திப் பிடி. பிடித்துவிட்டாயா? நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன். ஒரு கையால்தான் தள்ளுகிறேன், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உருளுகிறது.

பிடித்த பிடி பிடித்தபடி இருக்கிறது, சக்கரம் உருளுகிறது. சீற்றம் இல்லை, உரசல் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. தரை சமமான இந்த மேடையிலேயே இப்படி என்றால், அந்த முதல் வளைவில்? இடது பக்கம் பாறை உள்ள அந்த வளைவில்? வலது பக்கம் ஒன்றுமே இல்லாத அந்த வளைவில்?

தங்கச்சி, உட்காரும்மா. ஒன்றும் ஆகவில்லை. பார், உன் மகள் இங்கேதான் நிற்கிறாள்.

மாப்பிள்ளை, நீங்களும் உட்காருங்கள். உட்காரும் முன் ஒன்றே ஒன்று. பாலிஷ் இவள் சைக்கிளுக்கு மட்டும்தானே அடித்தீர்கள்?

"இல்ல மச்சான். எல்லா சைக்கிளும் வரிசையா நின்னுச்சு. நம்ம பொண்ணு சைக்கிள் மட்டும் மின்னினா மத்தவங்க ஏதாவது நினைப்பாங்களேன்னு..."

ஓடாதீர்கள், ஓடாதீர்கள். ஒவ்வொருவராகப் போய் உங்கள் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். கைக்குட்டை வழுக்குகிறதா? வழுக்கினால் இன்று யாரும் இறங்க வேண்டாம். தகட்டைக் கழுவிக்கொள்ளலாம், ஆனால் பாலிஷ் குடித்த பேட் பேட்தானா? அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கடைக்காரர் அவர்களே, உங்களிடம் பிறகு வருகிறேன் என்றேனே, இதோ வந்துவிட்டேன். கடையில் புது பேட் இத்தனை பேருக்கு இருக்கிறதா? "வரவழைச்சுடலாம் சார்." வரட்டும். நான் வந்து பிரித்துப் பார்த்த பிறகு போடுங்கள்.

அவையோரே, அன்புக்குரியோரே, இப்போது சொல்லுங்கள். சந்தேகம் என்றால் சிறுமையா? சந்தேகம் என்றால் வன்மமா? என் மாப்பிள்ளையின் பாசத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஊர்ச் சைக்கிளுக்கெல்லாம் விடியலில் வந்து பாலிஷ் போட்ட மனம் யாருக்கு வரும்? நான் சந்தேகப்படுவது அவர் கையிலிருந்த புட்டியை. பாசத்துக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது, தோழர்களே. பிரேக்குக்குப் பாசம் காட்டத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே நின்று, ஒரு கையால் தள்ளிப் பார்க்கிற ஆள் ஒருவர் வேண்டும். கேலி செய்யுங்கள், பெயர் வையுங்கள், பின்வரிசையிலிருந்து கேள்வி கேளுங்கள். ஆனால் பிள்ளையை மலையிலிருந்து இறக்கும் முன் ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். பெற்றவர் போட்ட பாலிஷ் என்றாலும் தள்ளிப் பாருங்கள். பெரிய கடைச் சரக்கு என்றாலும் தள்ளிப் பாருங்கள். நானே வந்து "நல்லா இருக்கு, போ" என்று சொன்னாலும் தள்ளிப் பாருங்கள்.

என்னம்மா? மைக் வேண்டுமா?

"மாமா, பாதையை இன்னைக்குத் திறக்கறோம்னு சொல்லியாச்சு. உங்க சைக்கிள் பூட்டித்தானே இருக்கு. உங்க உயரம்தான் நானும். சாவியக் குடுங்க."

இதற்கு என்ன சொல்வது? அவள் அம்மாவைக் கேட்கிறேன். தங்கச்சி, என்ன சொல்கிறாய்? தலையாட்டுகிறாள். இப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்க்கிறாள். சரி, இந்தா சாவி. போர்வையை மடித்து வை.

தலைவர் அவர்களே, கொஞ்சம் திரும்பி அந்த விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். எல்லோரும் பாருங்கள். பூட்டைத் திறந்தவள் ஏறி உட்காரவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் பார்க்கிறாள். என் சைக்கிளை! மண்டியிட்டுத் தகட்டை முகர்ந்து பார்க்கிறாள். கைப்பிடியை அசைக்கிறாள். டயரை விரலால் அமுக்குகிறாள். இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசிய மாமனின் சைக்கிளை நம்பாமல் பார்க்கிறாள். என் கண் கலங்குகிறது, மறைக்க விரும்பவில்லை. ஏதோ கத்துகிறாள், என்னம்மா?

"பின் டயர்ல காத்து கம்மி மாமா."

கம்மியாகத்தான் இருக்கும். யார் கண்டது? நான் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு உட்காராதீர்கள், எழுந்திருங்கள். என் பையில் பம்ப் இருக்கிறது. உங்கள் மகளுக்குக் காற்றடித்துக் கொடுக்கும் உரிமை உங்களுக்குத்தான். அந்தப் புட்டியை மட்டும் இங்கே என் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கும், மணியை ஓங்கி ஓங்கி அடித்தும் என்னை நிறுத்த முடியாத தலைவருக்கும் நன்றி. எல்லோரும் இடது பக்கம் ஒதுங்கி வழி விடுங்கள், அவள் இறங்கப் போகிறாள். வணக்கம்.