இருபது பித்தளைக் கூடுகள்

என் பட்டறையில் எண்ணெய்த் துணி எந்த ஆணியில் தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஒழுங்கில்லாத ஆள் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. ஷெரீப் ஆபீஸில் வேலை பார்க்கிறவர் நீங்கள், மார்வா. உங்களுக்கும் அதே கட்சியாகத்தான் இருக்கும்.

இந்த மொண்டானாப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் வேட்டைத் தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு கொஞ்சம் உப்பியிருக்கும். எஃகு அச்சுக்குள் அழுத்தினால் பழைய அளவுக்கு வரும். வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடலாம். அச்சுக்குள் தூசி இருந்தால் கூட்டில் கீறல் விழும். எண்ணெய் போதாவிட்டால் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் சின்னத் தொல்லை. அச்சை அளவுக்கு மீறி இறக்கி வைத்தால்தான் வினை. கூடு ஒவ்வொரு தடவையும் இழுபட்டு, அடிப்பக்கம் உள்ளுக்குள் மெலிந்துகொண்டே வரும்.

அச்சில் என்ன கோளாறு என்றாலும் இருபத்தாறு வருஷமாக என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். ராய்ஸ் கிம்ப்ரலும் கொண்டுவருவான். அவன் அச்சைத் துடைத்ததே கிடையாது. இரண்டு தடவை தனியாகச் சொன்னேன். மூன்றாம் தடவை காபிக் கடையில் சொன்னேன்: "ராய்ஸ், அச்ச ரொம்பக் கீழ எறக்கி வெச்சிருக்க. என்னைக்காவது ஒரு நாள் கூடு பிச்சுக்கும்."

அவன் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "இவன் பித்தளையத் தடவுன நேரத்துல பாதி நேரம் லோரெட்டாவத் தடவியிருந்தா, அவ ஏன்யா ஓடிப்போறா?"

லோரெட்டா என்னை விட்டுப் போன மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறுகிற பெண்ணும் சிரித்தாள். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, எல்க் மான் வேட்டை தொடங்க நான்கு நாள் இருக்கும்போது, அவனே வந்தான். அச்சில் ஒரு கூடு சிக்கியிருந்தது. கூடவே அவன் ஏற்கெனவே அதே அச்சில் அழுத்தி வைத்த இருபது கூடுகள்.

"கோவத்த மனசுல வெச்சுக்காதப்பா. இதக் கழட்டிக் குடு. அப்படியே இந்த இருபதையும் நீயே நெரப்பிக் குடுத்துரு. உன் கை பட்டாத்தான் சரியா வரும்."

சிக்கியதை எடுத்தேன். அச்சைக் கழுவினேன், துடைத்தேன், சரியான உயரத்தில் பூட்டினேன். பிறகு வளைத்த கம்பியை ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விட்டு அடிச்சுவரைத் தடவிப் பார்த்தேன். பதினேழு கூடுகளில் சுவர் மெலிந்த பள்ளத்தில் கம்பி தடுக்கியது. தொழில் தெரிந்த எவனும் அவற்றை ஒரே வினாடியில் குப்பையில் எறிவான்.

நான் இருபதையும் நிரப்பினேன். ஒவ்வொன்றுக்கும் மருந்தை நிறுத்துப் போட்டேன். ஒரு பொடி கூடவில்லை, குறையவில்லை.

வியாழக்கிழமை தோட்டாப் பெட்டியை வாங்க அவன் மகள் டெல்லா வந்தாள். பதினாறு வயது. ஹக்கிள்பெர்ரி ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள்.

"இந்த வருஷம் நான்தான் சுடப்போறேன், ஹார்லன் மாமா. அப்பா தாத்தாவோட பழைய துப்பாக்கிய எனக்குக் குடுத்துட்டாரு."

அப்போதுதான் தெரிந்தது. அதை மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி என் கையில் இருந்தது. "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லியிருந்தால் போதும். "எல்லாம் சரியா இருக்கு. ஆடாம நின்னு சுடு" என்று சொல்லிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை மூன்றாவது தோட்டாவில் கூடு பிளந்து, கொதிக்கிற புகை அவள் முகத்தில் அடித்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், மார்வா. "அந்தப் பொண்ணு உங்கள என்ன பண்ணுச்சு?" என்றுதானே கேட்க வருகிறீர்கள்? ஒன்றும் பண்ணவில்லை. நல்ல பெண். அவளுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லையே. செய்தது ராய்ஸுக்கு. குறுக்கே அவளை நிறுத்தியது அவன்.

இன்று யாரும் கூப்பிடாமல் நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். உங்கள் ஆபீஸ் அறிக்கையைப் படித்தேன். 'தோட்டாவை நிரப்பியவரின் கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறது. காபிக் கடையிலும் அதே பேச்சு: கிழவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, கண் மங்கிவிட்டது, பாவம் என்கிறார்கள். ராய்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டு, "ஹார்லன் மேல தப்பில்ல, வயசாயிடுச்சு, அவன விட்டுருங்க" என்கிறானாம். அவன் எனக்கு இரக்கப்படுகிறான்.

அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொல்கிறபடி எழுதுங்கள். பதினேழு கூடும் பிளக்கும் என்று எனக்குத் தெரியும். யார் சுடப்போகிறார்கள் என்றும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். என் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.